இருவருக்கும் ஒரே விடியல்

ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு மீன் வாடையைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. காலேஜில் ஐரோப்பிய அரசியல் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் கடற்கரையில் காலாற நடப்பேன். குப்பத்து ஜனங்கள் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

பெரிய யுத்தம் மூண்டதற்கு இரகசிய ஒப்பந்தங்களே காரணம் என்று ஓர் ஆராய்ச்சி எழுதினேன். தேறினால் புரொபசர் பதவி. சீமையிலிருந்த பரிசோதகர், வாதம் அழகு, சான்று போதாது என்று திருப்பிவிட்டார். சான்றுக்கு நான் எங்கே போவேன்?

அந்தச் சமயத்தில்தான் இரண்டு குப்பத்துத் தலைவர்கள், ஸ்டானிஸ்லாஸும் தேவப்பிரியமும், மத்தியஸ்தம் கேட்டு வந்தார்கள். கரைவலை இழுக்க நல்ல இடம் ஒன்றுதான். விடியலில் முதலில் வலை போடும் முறை யாருக்கு என்று தகராறு. வழக்கப்படி இருவரும் ஒரே துடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஊரார் காதில் விழ முறையைச் சொல்ல வேண்டும். தேசங்கள் அப்படிச் செய்வதில்லை, தனித்தனியாகத்தான் பேசும் என்றேன்.

"துடுப்பு புடிக்காம இன்னா பேச்சு சாரே?" என்றான் ஸ்டானிஸ்லாஸ். பிறகு அவனே, "நீ படிச்ச மன்சன். சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

தனித்தனியே கூப்பிட்டு இருவருக்கும் ஒரே விடியலைக் கொடுத்தேன், வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. கடற்கரையில் இருவரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்களாம். எதிராளிதான் புளுகுகிறான் என்று இருவருமே நினைத்தார்கள். வாத்தியார் பொய் சொல்வாரா? கைகலப்பில் ஸ்டானிஸ்லாஸ் செத்தான். நல்ல மனிதன், எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். என் ஆராய்ச்சியில் இதைப் பற்றிய அத்தியாயம் தங்குதடையில்லாமல் எழுத வந்தது.

அவன் மனைவி அந்தோணியம்மாள் என் வாசலில் வந்து அழுதாள். "எங்கொழுந்தன் கத்தி தீட்டிக்கினு கீறான் சாரே. நீதான் ரெண்டு பேரையும் இட்டாந்து துடுப்பு புடிக்க வெக்கணும்."

செய்திருக்கலாம். ஆனால் ஒரே ஒரு சண்டையை வைத்து ஒரு கொள்கையை நிலைநாட்டிவிட முடியாதே. இன்று விடியலில் அவன் வரமாட்டான், நீ வலையைப் போடு என்று கொழுந்தனிடமும் சொன்னேன், தேவப்பிரியத்திடமும் சொன்னேன்.

அதனால்தான் விடிந்த பிறகு ஸ்டேஷனுக்கு வந்தேன். கான்ஸ்டபிள்களை அனுப்புவதானால் அனுப்புங்கள்; இந்நேரம் முடிந்திருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சம்பந்தப்படாதவன்தான் சரித்திரம் எழுத வேண்டும். இந்த வாக்குமூலத்தில் சர்க்கார் முத்திரை வைத்து எனக்கு ஒரு நகல் கொடுங்கள், ஐயா. அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும்.