முதல் மணியை யார் அடிப்பது?

சபைக் கூடத்தின் தூணோரம் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர்களே, பாதிரியார் ஐயா அவர்களே, சாவு வீட்டுச் சீராகப் பாய்களைச் சுமந்து வந்திருக்கும் அக்கா தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். நான் பெபே. எலிசாராவின் அம்மா. எனக்கு அடுக்கிப் பேச வராது. "சுருக்கமா பேசு பெபே, அழுதுடாதே" என்று பாதிரியாரின் மனைவி சொன்னார். அழ மாட்டேன். எனக்கு வருவது அழுகை இல்லை, கோபம்.

நம் பாலர் பள்ளி மகெரெத்தா டீச்சரை மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தாய் என்றீர்கள், விளக்கு என்றீர்கள். உயிரோடு இருந்தபோது என்ன சொன்னீர்கள்? மணிக் கிறுக்கி என்றீர்களே!

என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. மாலை ஜெப மணி அடித்தால் நாம் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்கிறோம். அவன் மணலில் சிப்பி அடுக்கிக்கொண்டே இருப்பான். திமிர் என்றீர்கள். வளர்ப்பு சரியில்லை என்றீர்கள். ஜெப நேரத்தில் யாரும் வெளியே இருக்கக்கூடாது என்று காவலுக்கு நிற்கும் இளைஞர்கள் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். கடித்தான். என் வீட்டுக்கு அபராதம் போட்டீர்கள்.

டீச்சர்தான் வந்து என்னோடு உட்கார்ந்தார். "அவனுக்குக் காது நல்லா கேக்குது பெபே. புரியவும் புரியுது. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போறதுதான் அவனுக்கு வரல. படகைத் திருப்பணும்னா தண்ணியில இடம் வேணும்ல? அந்த இடத்தை நாம குடுப்போம். எந்திரி, கால் கழுவு, துணி மாத்து, வந்து உக்காருன்னு நாலையும் சேத்துச் சொல்லாதே. ஒண்ணு சொல்லு. துணியைக் கையில குடு. அப்புறம் அடுத்தது."

சொல்லிவிட்டுப் போகவில்லை. லாரிச் சக்கரத்தின் பழைய இரும்பு வளையத்தைப் பள்ளி மரத்தில் தொங்கவிட்டு, ஜெப மணிக்கு முன்னால் இரும்புக் கம்பியால் தானே ஒரு மணி அடித்தார். அதைக் கேட்டதும் எலிசாரா கையிலிருக்கும் சிப்பிகளை வைத்து முடிப்பான். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஜெப மணி அடிக்கும்போது என் பக்கத்தில் பாயில் இருப்பான். கடி இல்லை. இழுப்பு இல்லை.

லெவாய் தலைவரே, நீங்கள் அவரை இதே இடத்தில் நிற்கவைத்துக் கேட்டீர்கள்: "ஒரு பொடியனுக்காக ஊரே காதைப் பொத்திக்கணுமாம்மா?"

"பொத்திக்குங்க ஐயா. நான் அவன் காதுக்குத்தான் அடிக்கிறேன்" என்றார் அவர். வேறு வழியில்லாமல் அனுமதி கொடுத்தீர்கள்.

யாராவது காதைப் பொத்தினீர்களா? அந்த மணியைக் கேட்டுத்தானே குளிக்கப் போனீர்கள்! அந்த மணியைக் கேட்டுத்தானே அடுப்பை மூடினீர்கள்!

டீச்சர் படுக்கையில் விழுந்ததும் நான் அடிக்கப் போனேன். "அனுமதி டீச்சருக்குத்தான், உனக்கில்லை" என்று இரும்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? தலைவரே, ஜெப மணி அடித்ததும் தலையில் சோப்பு நுரையோடு நீங்கள் வீட்டுக்குள் ஓடியதை ஊரே பார்த்தது. உங்களை யார் இழுத்தார்கள்? உங்களுக்கு யார் அபராதம் போட்டார்கள்? என் பிள்ளையை இழுத்தார்கள். அவன் தோள்பட்டை வீங்கிப்போயிருக்கிறது.

டீச்சர் வீடு பள்ளிக்கு அடுத்த வீடு. படுத்தபடியே என்னிடம் கேட்டார்: "ஏன் பெபே, வளையம் சத்தமே காணோம்?" தாய் என்று பேசினீர்களே, உங்களில் யார் அவருக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள்?

மகெரெத்தா டீச்சரே, நீங்கள் தொடங்கியது நிற்காது.

இதோ, வெயில் இறங்கிவிட்டது. எலிசாரா வெளியே சிப்பி அடுக்குகிறான். ஜெப நேரம் நெருங்குகிறது, அதனால் இதோடு முடிக்கிறேன். கம்பியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தலைவரே. என் புருஷனின் சுத்தியல் இந்தப் பையில் இருக்கிறது. இன்றிலிருந்து முதல் மணியை நான் அடிக்கிறேன். இரண்டாவதை நீங்கள் அடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை மேல் ஒரு கை படக்கூடாது.

வழி விடுங்கள்.