மறுமுனை பிடிக்க ஆள் வேண்டாம்

— காப்பி அடிச்சேன்னு சொல்றீங்களா?

— ஐயய்யோ, அப்படிச் சொல்லலை சார். கேக்கறேன், அவ்வளவுதான். பத்திரிகைன்னா கேட்டுத்தானே ஆகணும்?

— உங்க மரவேலைப் பத்திரிகைக்குப் பதினோரு தடவை அனுப்பியிருக்கேம்மா. பதினோரு தடவையும் ‘வருந்துகிறோம்’னு திருப்பி அனுப்புனீங்க. பன்னண்டாவதுக்குப் போன் வருதேன்னு ஓடுற ரம்பத்தை நிறுத்திட்டு வந்து எடுத்தா... விசாரணை!

— வருந்துனது நான்தான் சார். உங்க பதினொண்ணையும் நான்தான் படிச்சேன். அந்தப் பசை டப்பா யோசனை...

— அது நல்ல யோசனை!

— காத்து போகாம இருக்க மூடியைச் சுத்திப் பசை தடவணும்னு எழுதியிருந்தீங்க. அப்புறம் எப்படி சார் திறக்கிறது?

— ...சரி, அதை விடுங்க. இந்தத் தடவை என்ன கோளாறு?

— கோளாறே இல்லை. ஆசிரியருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீளப் பலகையை ஒத்தை ஆளா அறுக்கும்போது மறுமுனையைத் தாங்க, உருளை வச்ச ஸ்டாண்டு... அட்டையிலயே போடலாம்னாரு.

— அட்டையிலயா! என் பேரோடயா?

— பேரு, போட்டோ எல்லாம். ஆனா அதே வாரம் இன்னொருத்தரும் அதே ஸ்டாண்டை அனுப்பியிருக்காரு.

— அனுப்பட்டுமே. உருளை ஸ்டாண்டு கடையிலயே விக்குது. எவன் வேணா...

— உருளைக்கு மேல பழைய சைக்கிள் டியூப் சுத்தியிருக்கீங்க.

— பலகை வழுக்காது.

— அவரும் சுத்தியிருக்காரு.

— பட்டறைன்னு இருந்தா பழைய டியூப் கெடக்கும்மா. இதெல்லாம் ஒரு கேஸா?

— உருளை, ரம்ப மேஜையை விட அரை விரக்கடை தாழ இருக்கணும்னு...

— ஆமா. இல்லாட்டிப் பலகை நுனி போய் முட்டிக்கும்.

— அவரும் அரை விரக்கடைன்னுதான் எழுதியிருக்காரு. அங்கதான் எனக்கு மண்டை குடையுது. எல்லாரும் சென்டிமீட்டர்ல அனுப்புவாங்க. விரலால அளந்து அனுப்புனது, நான் வேலைக்கு வந்த இந்த ஏழு வருஷத்துல நீங்க ரெண்டு பேர்தான்.

— அவன்... அவரு படத்துல, உயரம் மாத்துற திருகு எந்தப் பக்கம் இருக்கு?

— இருங்க... இடப்பக்கம். உங்களுது வலப்பக்கம்.

— ம்... இடது கைக்காரன்.

— தெரிஞ்சவரா?

— நான் எங்க அப்படிச் சொன்னேன்? திருகு இடப்பக்கம் இருந்தா இடது கைக்காரன்தானே? இதுக்கு ஜோசியமா பாக்கணும்?

— கோவிச்சுக்காதீங்க. முன்னுரை மாதிரி ரெண்டு வரி எழுதியிருக்காரு. வாசிக்கட்டுமா?

— அதெல்லாம் எனக்கெதுக்கு? ...சரி, வாசிங்க.

— ‘இருபது ஆண்டுகளாக நான் அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்தவர் இப்போது என்னோடு இல்லை. அதனால் இதைச் செய்ய வேண்டி வந்தது.’

— இல்லைன்னா?

— காலமாயிட்டாரு போல. பாவம்.

— காலமாயிட்டேனா! நான் என்ன செத்தா போயிட்டேன்? ரெண்டு தெரு தள்ளி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்!

— சார், அவர் உங்களுக்கு...

— தம்பி. கூடப் பொறந்தவன்.

— பேச்சுவார்த்தை?

— மூணு வருஷமா கிடையாது. ஒரு அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு ஆரம்பிச்சுது... சிரிக்காதீங்க.

— சிரிக்கலை சார்.

— சிரிக்கிறீங்க, கேக்குது. அன்னைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். அவனும் பேசினான். அதுக்கப்புறம் அவன் பட்டறைப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கலை.

— அப்ப யாரும் யாரையும் பாத்து எழுதலை. எனக்கு அது போதும். உங்களுது ஒரு நாள் முந்தி வந்திருக்கு, உங்களுதையே போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணு... எவ்வளவு நீளப் பலகையைத் தாங்கும்னு நீங்க எழுதவே இல்லையே?

— எழுதலையா?

— இல்லை. படிக்கிறவங்க பன்னண்டடி, பதினாலடியெல்லாம் வச்சு அறுப்பாங்க. பக்கத்துல ரம்பம் ஓடிக்கிட்டிருக்கும். கை விஷயம் சார். அட்டை இன்னைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகுது.

— என் வீட்டுக்காரி கதவோரம் நின்னு கேட்டுட்டிருக்கா. அட்டைன்னு என் வாயில வந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டுக்கு ஒரு நடை போய்ச் சொல்லிட்டும் வந்துட்டா.

— தாங்குமா, தாங்காதா சார்?

— பத்தடி வரைக்கும் பழுதில்லை. அதுக்கு மேல... சாயுதும்மா. காலை அகட்டிப் பாத்தேன். அடியில கல்லு கட்டிப் பாத்தேன். சாயுது. ஒரு தடவை என் விரலே மயிரிழையில தப்புச்சு. அதை எழுதினா இதையும் திருப்பி அனுப்பிடுவீங்கன்னுதான் எழுதலை. தப்புதான். என்னோடதைப் போடாதீங்க. தம்பியோடதைப் போடுங்க. அவன் என்னை விடக் கெட்டிக்காரன்... அவனோடது நிக்கும்.

— காலையிலயே உங்க தம்பிகிட்டப் பேசிட்டேன் சார். நீங்க அண்ணன்னு அப்பவே தெரியும், உங்க வாயால வரட்டும்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன். அவரோடதும் சாயுதாம். ‘அண்ணனோடதைப் போடுங்க, அது நிக்கும்’னாரு.