கன்னத்தில் ஒரு சிவப்பு அம்பு

"நான்தான் தீபிகா. உன் கலர் பென்சிலைக் குடுடி."

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் மாலைப் பேருந்தில், என் முன்சீட்டில் இருந்த அம்மா தன் மகளிடம் இப்படிச் சொன்னார். ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதை முன்னால் நீட்டினேன்.

"தர மாட்டேன்" என்றாள் சிறுமி, சிரித்துக்கொண்டே.

"சிரிச்சிக்கினே சொன்னா அந்த தீபிகா தெனமும் கிளாஸ்ல புடுங்கிக்கினுதான் போவா."

அம்மா தன் ஷூ கம்பெனி அடையாள அட்டையின் பின்னால் ஒட்டியிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, மகளின் கன்னத்தில் ஒட்டினார்.

"செக்கிங்ல ஷூல எங்க தப்பு இருக்கோ அங்க இதை ஒட்டுவோம். உனக்கு இந்தச் சிரிப்புலதான் தப்பு. மறுபடி சொல்லு."

சிறுமி உதட்டை இறுக்கினாள். "தர மாட்டேன் தீபிகா. என்னைக் கேட்டுட்டு எடு."

"அப்படிச் சொல்லுடி என் தங்கம்!"

அப்போது அம்மாவின் ஃபோன் அடித்தது.

"சூப்பர்வைசர் சாரா? சொல்லுங்க சார். இந்த ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வரணுமா? பாப்பா சர்ச்சுல பாடறா சார்... ஹிஹி... சரி, பாக்கறேன் சார்..."

சிறுமி தன் கன்னத்து ஸ்டிக்கரை உரித்து அம்மாவின் கன்னத்தில் ஒட்டினாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்ல சார். ஞாயித்துக்கிழமை வர மாட்டேன். எம் பொண்ணு பாடறதைக் கேக்கணும்."

ஃபோனை வைத்தவர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு ஸ்டிக்கரை எடுக்கக் கையைத் தூக்கினார்.

"எடுக்காதம்மா" என்றாள் மகள். "அவரு மறுபடியும் கூப்புடுவாரு."