ஒரு சோடி போல் ஜொயின்ட்

வெள்ளவத்தையில் பள்ளிக்கூடம் விடக் காத்து நின்றபோது, எனக்குப் பின்னால் இரண்டு பள்ளி வேன் சாரதிகள் கதைத்தார்கள்.

“காலமை முன் சில்லு ஆடினது, அண்ணை. பயந்திட்டன். வேன் பிட்னஸ் செக்கிங்குக்கு நாங்கள் மூண்டு பேரும் மாறி மாறிப் பூட்டுற, முன் சில்லைப் பிடிக்கிற அந்தப் புதுப் போல் ஜொயின்ட் ரெண்டும் உங்கட வேனிலதானே?”

“நான் பாஸான அண்டைக்கே கழட்டி, உனக்குக் குடுக்கச் சொல்லி மச்சானிட்டைக் குடுத்திட்டனே.”

“எனக்கு வரேல்ல.”

“ஐயோ. இண்டைக்கு அவன்ர வேனுக்கும் செக்கிங். அதிலதான் பூட்டியிருப்பான்.”

“அப்ப உங்கட வேனில?”

“தேஞ்ச பழசுதான். கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் ஓடுறன்.”

“எத்தினை பிள்ளையள்?”

“பதினெட்டு. உனக்கு?”

“இருபது.”

மணி அடித்தது. இருவரும் போய்க் கதவுகளைத் திறந்தார்கள். முன் சீட்டுக்காகப் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.