சேலத்துத் தொட்டி

வார்ப்பிரும்புக் குளியல் தொட்டியில் ஒருபோதும் ஆசிட் ஊற்றக் கூடாது. பெரும்பாலோருக்கு இது தெரிவதில்லை. தரை கழுவுகிற ஆசிடை ஊற்றிவிட்டு, பளபளப்பு போய்விட்டதே என்று புலம்புவார்கள். வெந்நீரும் சோப்புத்தூளும் பொறுமையும் போதும். பொறுமை என்னிடம் நிறைய உண்டு, இன்ஸ்பெக்டர். உங்கள் ஏட்டு என் பெயரைத் திருநாவுக்கரசு என்று சரியாக எழுத மூன்று முறை முயன்றபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லையே.

முட்டுக்காட்டில் காயலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய பங்களா ஒன்றை இடித்தபோது அந்தத் தொட்டியை வாங்கினேன். சிங்கப் பாதம் போல நான்கு கால்கள். ஆறு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் கப்பலில் வரவழைத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். விற்றவன் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் பிறப்பைச் சொல்லிவிடுவேன். ஆட்களையும் அப்படித்தான்.

யாரோ புண்ணியவான் அதன்மேல் மூன்று பூச்சு பெயின்ட் அடித்து வைத்திருந்தான். அதை எடுத்துப் புதுப்பிக்க, புதுப்பட்டினத்திலிருந்து சின்னையன் வந்தான். ஐம்பது வயதிருக்கும். வேலை சுத்தம், மறுக்க மாட்டேன். இரண்டே நாளில் கால்களின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிங்கத்தின் நகங்கள் தெரியும்படி செய்துவிட்டான். ஆனால் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பான்.

மூன்றாம் நாள் என் மனைவி வசுமதியின் கல்லூரித் தோழிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கலெக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அடியில் படுத்துத் துரு சுரண்டிக்கொண்டிருந்த சின்னையன் தலையை வெளியே நீட்டினான்.

“கப்பல்லயா வந்துச்சு? அடியில இங்கிலீசுல இன்னாமோ எழுதிகீது சார். இருங்க.” எழுத்துக்கூட்டினான். “எஸ்... ஏ... எல்... சேலம் சார்! சேலத்துல வார்த்தது. லாரில வந்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். வசுமதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட, எதிரில் இருப்பவன் சமமானவனாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை வசுமதி திருப்போரூர் கோயிலுக்குப் போயிருந்தாள். தொட்டியைக் குளியலறைக்குள் வைத்தாயிற்று. உள்பக்கப் பெயின்ட் மட்டும் பாக்கி. பெயின்ட் ரிமூவர் டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். சின்னையன் தொட்டிக்குள் மண்டிபோட்டுக் குனிந்து பூச ஆரம்பித்தான்.

“இன்னா சார் இந்த நெடி? தலை சுத்துது. ஜன்னல தொறந்து வுடுங்க.”

“காத்து பட்டா மருந்து காஞ்சிரும்பா. கால் மணி நேரம்தான்” என்றேன். ஜன்னல் ஏணி வைத்தால்தான் எட்டும் உயரம். திறந்திருந்த கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். சற்று நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. “சார்... கதவு மாட்டிகினு கீது சார்...” அப்போதும் மரியாதையாகத்தான் கூப்பிட்டான். அந்த மரியாதை முந்தின நாள் இருந்திருக்கலாம். பிறகு தட்டுவது மெதுவாகி, நின்றது. நான் தலையங்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

விபத்து என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். அவன் மனைவி காசியம்மாள் மட்டும் ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்டாளாம்: “இருவது வருசமா இதே வேலதான் செய்றாரு. மூடுன ரூம்ல செய்யக்கூடாதுன்னு டப்பாவுல போட்டிருந்தா, படிக்காமயா பூந்திருப்பாரு?” உங்கள் ஆட்களைவிட அவளுக்கு மூளை இருக்கிறது.

போட்டிருந்தது. சிவப்பில், பெரிய எழுத்தில். தோழிகள் கிளம்பிப் போன அன்று சாயங்காலமே டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த லேபிளைக் கிழியாமல் உரித்து எடுத்துவிட்டேன். அவன்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனாயிற்றே.