எழுபத்தொரு முறை ஒலித்த துக்கமணி

மேலகரம் கிருபாசன ஆலயத்தின் மணிக்கயிற்றை முப்பத்தாறு ஆண்டுகள் தம் உள்ளங்கையால் மெருகேற்றி, இன்று பணி நிறைவு பெறும், மணியடித்து ஆலயம் பேணும் கோயில்குட்டி திரு. செ. ஆசீர்வாதம் அவர்களுக்கு, உடன் ஊழியர்கள் உவகை பொங்க வாசித்தளிக்கும் மடல்.

மணியோசையால் மனங்களை எழுப்பிய மாண்பாளரே! விடியுமுன் விழித்து, விளக்கேற்றி, விரிப்பு விரித்து, வருவோர்க்கெல்லாம் வாசல் திறந்த வித்தகரே! கல்யாணத்துக்குக் களிப்பாகவும் கல்லறைக்குக் கனிவாகவும் கயிறிழுக்கத் தெரிந்த கைவண்ணரே! ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறக்காமலே சபையார் அத்தனை பேரின் வயதையும் சொல்லிப் பெண்களின் கோபத்துக்கு ஆளாகும் நினைவுக் களஞ்சியமே! குற்றாலத்துச் சாரல் சாய்த்து அடிக்கும் ஆனி ஆடியிலும் நனைந்த சட்டையோடு முதல் மணிக்கு முன் வந்து நிற்கும் எங்கள் அண்ணாச்சியே! வருக! வந்து இந்த நாற்காலியில் அமர்க! இன்று ஒரு நாளாவது நடுவில் எழுந்து ஃபேன் சுவிட்சைப் பார்க்கப் போகாதிருப்பீராக!

இத்தகைய மடலில் நற்குணங்களை வரிசையாக அடுக்குவதே முறை. நாங்களும் அடுக்கத்தான் அடுக்கினோம். உபதேசியார் நாலு பக்கம் எழுதிவிட்டார். அத்தனையும் உண்மை. ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லாரும் தங்களைப் பார்த்ததும் எதை நினைத்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்களோ, அதை விட்டுவிட்டு எழுதினால் அது மடலாகுமா? நேற்று மாலை தாங்கள் எங்களிடம் வந்து, "என்னத்த வேணும்னாலும் எழுதுங்க. அந்த மணி விசயத்த மட்டும் எழுதிராதிய" என்று கேட்டுக்கொண்டீர்கள். அண்ணாச்சி, உபதேசியாரின் நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிட்டு அதை மட்டும்தான் எழுதியிருக்கிறோம். தங்களை முன்னிலைப்படுத்திச் சொன்னால் இடைமறிப்பீர்கள் என்பதால், வேறு யாரோ ஒரு ஆசீர்வாதத்தின் கதையைப்போல் சொல்கிறோம். அமைதியாகக் கேளுங்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆசீர்வாதத்துக்கு ஒரு போட்டியாளர் முளைத்திருந்தார். அவர் பெயர் வாட்ஸ்அப். இந்த ஆலயத்தில் சபையார் யாராவது இறந்துபோனால் துக்கமணி அடிப்பது வழக்கம். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பெருமூச்சு விடும் நேரம். ஊர் முழுக்கக் கையில் இருப்பதை வைத்துவிட்டு எண்ணும். எண்ணி முடித்ததும் யார் வீடு என்று தெரிந்துவிடும். இளவயதில் ஒருமுறை அரைநாள் தாமதமாக அடித்து அன்றைய குருவானவரிடம் சபை நடுவே வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, சாவுச் செய்தியைத் தன் மணிதான் முதலில் சொல்லவேண்டும் என்பதில் ஆசீர்வாதத்துக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அந்தப் பெருமையில்தான் சபையின் வாட்ஸ்அப் குழு வந்து மண்ணைப் போட்டது. அடுத்தடுத்து மூன்று சாவுகளை அது முந்திக்கொண்டது. மனிதர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

அப்படியொரு சனிக்கிழமை பிற்பகல். தென்காசியில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருமைநாயகம் வீட்டு வாசலைக் கண்டார். ஆம்புலன்ஸ் நின்றது. பந்தல் கடை யஹ்யா கம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. சாரின் மனைவி ரஞ்சிதம் ஆச்சி படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதயக் கோளாறென்று சாரைத் திருநெல்வேலியில் சேர்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிழைப்பது சந்தேகம் என்று ஊரே பேசியது. ஆசீர்வாதத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குருவானவர் அனுமதி இல்லாமல் துக்கமணி அடிக்கக் கூடாது என்பது விதி. குருவானவரோ சுரண்டையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். சைக்கிளை ஆலயச் சுவரில் சாய்த்துவிட்டுக் கோபுரத்துக்கு ஓடினார். ஓடும்போதே வயதும் நினைவுக்கு வந்துவிட்டது, எழுபத்தொன்று.

தனக்கு எழுத்தறிவித்த சார் போய்விட்டாரே என்று அழுதுகொண்டேதான் அடித்தார். அழுகையிலும் ஒரு அடி கூடவில்லை, குறையவில்லை.

அங்கே வீட்டு முற்றத்தில் அருமைநாயகம் சார் நாற்காலியில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆம்புலன்ஸில் நல்லபடியாக வீடு திரும்பியதற்காக அன்று மாலை நன்றி ஜெபக்கூட்டம். அதற்குத்தான் பந்தல். ஆச்சியின் கண்ணீரும் அதற்குத்தான். மணியோசை கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு அவரும் ஊரோடு சேர்ந்து எண்ணினார்.

"எழுபத்தொண்ணு," என்றார் மனைவியிடம். "நம்ம செட்டுல்லா? யாரா இருக்கும்?"

ஆச்சிக்கும் புரியவில்லை. கம்பு நட்டுக்கொண்டிருந்த யஹ்யாதான் சாரையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், தப்பா நெனைக்காதிய. ஒங்களுக்கு என்ன வயசு?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். குற்றாலம் சாலையில் டயர் கடை வைத்திருக்கும் தவமணி, சாரின் ஒரே தம்பி. இருவரும் பேசிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தவமணி சவூதியில் தம்மாமில் வேலை பார்த்த காலத்தில் அவர்கள் தாய் இறந்துபோனார். தம்பி விமானம் ஏறிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்று அண்ணன் அடக்கத்தை முடித்துவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர்ந்த தவமணி ஈர மண்ணைத்தான் பார்த்தார். "நீ செத்தாலும் ஒன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு எத்தனை கிறிஸ்துமஸ் வந்தும் எத்தனை பேர் சமாதானம் பேசியும் கால் வைக்கவில்லை. அண்ணனும், தான் செய்ததில் தப்பில்லை என்றே சாதித்துக்கொண்டிருந்தார். ஆலயத்தில் ஒருவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் இடப்பக்கம் உட்காருவார்.

அந்தத் தவமணியும் கடையில் நின்று எண்ணியிருக்கிறார். எழுபத்தொன்றோடு மணி நின்றது. ஜாக்கியில் ஏற்றிய கார் ஏறியபடியே நிற்க, கையில் கிரீஸோடு ஓடத் தொடங்கினார்.

சாருக்கு அஞ்சலி செலுத்த ஆசீர்வாதம் சைக்கிளில் வந்து சேரவும், சார் எழுந்து கஞ்சிக் கிண்ணத்தை ஆச்சியிடம் நீட்டவும் சரியாக இருந்தது. சைக்கிள் ஒருபக்கம் விழுந்தது, ஆசீர்வாதம் ஒருபக்கம் விழுந்தார். அதற்குள் தெருவே மாலைகளோடு கூடிவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று கதறியபடி தவமணி வாசலுக்குள் வந்தார். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தம்பியின் அழுகை அப்படியே நின்றது. அடுத்த நொடி முகம் கறுத்துவிட்டது.

"கூப்பிட்டா வரமாட்டேன்னு, மணியடிச்சு ஏமாத்தி வரவச்சிருக்கிய. நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அந்த இடத்தில் ஆசீர்வாதம் வாயை மூடிக்கொண்டு கூட்டத்தில் கரைந்திருக்கலாம். யாரோ போன் பண்ணினார்கள் என்று சொல்லியிருக்கலாம். தன் வேலை போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தன் மணியால் வந்த ஒரு மனிதர் தன் மணியாலேயே திரும்பிப் போகிறார் என்பதும் தெரிந்தது. போனால் இனி வரமாட்டார். ஓடிப்போய்த் தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, யாரும் ஏமாத்தல. நாந்தான் அடிச்சேன். ஆம்புலன்ஸ பாத்தேன், பந்தல பாத்தேன், யாருட்டயும் ஒரு வார்த்த கேக்காம ஓடிட்டேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஆனா நீங்க அழுதுட்டு ஓடியாந்தியள்லா, அது பொய்யா? மணிதான் பொய். அந்த அழுக பதினாலு வருசமா ஒங்ககிட்டயே இருந்திருக்கு."

தவமணி கையை உதறவில்லை. பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அருமைநாயகம் சார் இரண்டடி முன்னால் வந்தார்.

"ஏலே தவமணி. அம்மைய அடக்கம் பண்ணுன அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும். மழ வந்துச்சு, ஊரு அவசரப்படுத்துச்சுன்னு எல்லாம் சொல்லலாம். பெட்டிய மூடச் சொன்னது நான். மன்னிச்சிரு."

"மூஞ்சிய ஒரு தடவ பாத்திருப்பேன்ணே," என்றார் தவமணி. அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த வேட்டியின் கிரீஸ் கறை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று ஆச்சி இன்றும் சொல்கிறார்.

மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் விழித்துக்கொண்டிருக்க, சாரே தீர்ப்புச் சொன்னார். "எனக்கு வாங்குனது தானவே, போடுங்க." பதினொரு மாலையும் போட்டுக்கொண்டு மிச்சக் கஞ்சியைக் குடித்த ஒரே மனிதர் இந்த வட்டாரத்திலேயே அவராகத்தான் இருப்பார். அன்று நடந்த ஜெபக்கூட்டத்தில் பாடிய பாட்டு மேலகரம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்து சபைக் கமிட்டி கூடியது. விதியை மீறியதற்குக் காரணம் கேட்டார் குருவானவர். அதற்கு ஆசீர்வாதம் சொன்ன பதில் கமிட்டியின் குறிப்பேட்டில் இருக்கிறது: "செஞ்சது தப்புய்யா. அண்ணனும் தம்பியும் சேந்தது கர்த்தர் செஞ்சது. அதக் காட்டி நான் தப்பிக்கப்பிடாது." உடனே அருமைநாயகம் சார் தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தார். "எனக்கு அடிச்ச மணிய நானே உக்காந்து கேட்டேன். யாரு ஓடி வாரான்னும் பாத்துட்டேன். இதுக்குப் பெறகும் இவர அனுப்புனியன்னா, நானும் என் தம்பியும் வேற கோயிலுக்குப் போயிருவோம்." கமிட்டி கண்டித்து மன்னித்தது.

அண்ணாச்சி, கதை முடிந்தது. இனித் தங்களிடமே பேசுகிறோம். அன்றுமுதல் எந்த வீட்டுச் சாவுக்கும் தாங்கள் நேரில் போய், அருகில் உட்கார்ந்து ஜெபித்து, குருவானவரிடம் சொல்லிவிட்டு வந்துதான் கயிற்றைத் தொட்டீர்கள். வாட்ஸ்அப் முந்துவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. உறவு முறிந்த வீடுகளைத் தேடிப்போய், "மணி அடிக்கட்டும்னு பாத்துட்டு இருக்காதிய" என்று சொல்லி வந்தீர்கள். தேவ அன்பைப் பற்றிப் பிரசங்கங்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். நாம் திருந்தி வரட்டும் என்று காத்திராமல் நம்மைத் தேடி ஓடிவருகிற அன்பு அது என்பதை, கிரீஸ் கையோடு ஓடிவந்த ஒரு மனிதரிடம் அன்று கண்ணால் கண்டோம். தப்பை ஒப்புக்கொள்வதும் விசுவாச வாழ்க்கையில் சேர்ந்ததுதான் என்பதைத் தங்களிடம் கண்டோம்! இதைக் கேட்கும் அன்பர்களே, உங்களுக்கும் கால் வைக்காதிருக்கும் ஒரு வாசல் இருந்தால், இந்த விழாவிலிருந்து நேரே அங்கே போங்கள். காரணம் எதுவும் தேட வேண்டாம்.

பிறருக்கு இப்படிச் சொல்லும் நாங்கள் ஒன்றைச் செய்யாமல் இருந்துவிட்டோம். அந்த ஞாயிறு காலை, தங்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு மொட்டைக் கடிதம் குருவானவர் மேசைக்கு வந்தது தங்களுக்குத் தெரியும். ஊர் சிரிக்கிறதே என்ற வெட்கத்தில் அதை எழுதியவர்கள் நாங்கள் நால்வர். யார் எழுதியது என்று தாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றினீர்கள். ஏழு ஆண்டுகளாக அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். எங்களை மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி.

நீடிய ஆயுளும் நோயற்ற உடலும் நிறைந்த சமாதானமும் கர்த்தர் தங்களுக்கு அருளுவாராக! தங்கள் இல்லம் பேரப்பிள்ளைகளின் கூச்சலால் நிறைவதாக! காலையில் மணிச்சத்தம் கேட்டபின்னும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் பாக்கியம் தங்களுக்கு நெடுநாள் வாய்ப்பதாக!

இம்முறை பெயரோடு கையெழுத்திடுகிறோம்.

உபதேசியார் ஜோ. சத்தியசீலன்
ஆர்கன் வாசிக்கும் எஸ்தர் புஷ்பலீலா
அலுவலக எழுத்தர் இ. துரைப்பாண்டி
ஞாயிறு பள்ளி ஆசிரியை கிருபாவதி

மற்றும் கிருபாசன ஆலய ஊழியர்கள் அனைவரும்,
மேலகரம்.