பூச்சி தொடாத புல்

ராசிபுரம் நெல் மில்லில் டெலிபோன் மணி அலறியதும் குமாரசாமியின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. சேலத்து மாட்டு டாக்டர் பதினொரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மில் முதலாளி நீட்டிய குழலை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அலோ... ஆமாங்க, குமாரசாமிதானுங்க... ஆமாங்க, ஆமாங்க, ரெண்டு எருதும் போயி ரெண்டு மாசமாச்சுங்க... கோயமுத்தூருக்குச் சோதனைக்கு அனுப்புனதுக்கு முடிவு வந்துருச்சுங்களா?... அரளி இல்லீங்களா?"

குரல் இறங்கிவிட்டது. கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது தலை ஆடி, கால் பின்னி, இரண்டு எருதும் கிணற்றுக்குள் விழுந்த அன்று, பண்ணையாள் சடையன்தான் அரளி விதையை அரைத்து வைத்தான் என்று போலீசில் எழுதிக்கொடுத்தவர் அவர். முந்தின நாள் அவனைச் சாட்டையால் விளாசியிருந்தார். அதற்குப் பழி தீர்த்துக்கொண்டான் என்று ஊரும் நம்பியது. சடையன் ஜெயிலுக்குப் போனான்.

"அப்புறம் என்னதானுங்க?... வயித்துல கெடந்த புல்லா?... பூஞ்சணமா? ஒரு புள்ளி கெடையாதுங்களே, கிளியாட்டம் பச்சை... உள்ளாறயா?... தண்டுக்குள்ளாற நூல் நூலாக் குடியிருக்குதுங்களா... விதையோடயே வருமுங்களா... புல்லுக்கு ஒண்ணும் பண்ணாதா?... பூச்சி கடிக்காம அதுக்குக் காவலா?"

பாதிதான் காதில் ஏறியது. மழை பொய்த்த மாசியில், ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருவர் கப்பலில் விதை வரவழைத்துப் போட்டிருந்த குளிர்நாட்டுப் புல்லை ஒரு வண்டி பாரம் ஏற்றி வந்தவர் அவரேதான். அந்த மலையில் வெட்டுக்கிளி மற்றதையெல்லாம் மொட்டையடித்திருந்தது. இந்தப் புல்லில் மட்டும் ஒரு இலை கடிபடவில்லை. பூச்சி தொடாத சுத்தமான தீவனம் என்று ஊருக்கெல்லாம் காட்டினார்.

"பூச்சிக்கு ஆவாத வெசம் மாட்டுக்கும் ஆவலீங்களா... வைக்கோல் மட்டுந்தான் போட்டேன்னு எழுதிக்குடுத்தது நாந்தானுங்க... பொய்தானுங்க... ஏன்னா... அந்தப் புல்லுக்காவத்தான் அவனை அடிச்சனுங்க. மாடு மோந்துட்டு மூஞ்சியத் திருப்புது, வேண்டாமுங்கன்னு நின்னான். எனக்கே பாடஞ் சொல்றியாடான்னு..."

ஜன்னலுக்கு வெளியே, உமிக் குவியலருகே சடையன் பெண்சாதி ஆராயி முறத்தால் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் குமாரசாமியின் பண்ணைக்கு வேலைக்கு வருவதில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்குதுங்க, கேக்குதுங்க... லைன் நல்லாத்தானுங்க இருக்குது... இன்னிக்கே லெட்டர் போடறீங்களா?... கோர்ட்டுக்கா... அவனை விடச் சொல்லியா?... வேண்டாமுங்க... வஞ்சமெல்லாம் இல்லீங்க..."

குழலை ஒரு கணம் நெற்றியில் அழுத்திக்கொண்டு, மறுபடி வாயருகே கொண்டுவந்தார்.

"லெட்டரை ஆராயி பேருக்கு எழுதுங்க டாக்டரய்யா... சடையன் ஜெயில்லயே காய்ச்சல் கண்டு போயி இன்னிக்கு இருவது நாளுங்க."